கீழ்ப்படிதல் என்னும் புகலிடம்

சமயத்தின் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமைகளுக்கு விளக்கங் கூற முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு விடைகளையே தருவர். ஒருசாரார், ஆணையிட்ட தலைவர் தீயவர் என்பர். மற்றொரு சாரார், சமயமே தீயது என்பர். இவ்விரு விடைகளும் வசதியானவை. ஏனெனில் இரண்டிலும் ஒருவர் பழியின்றித் தப்பிவிடுகின்றார். அவர்தாம் ஆணையை நிறைவேற்றியவர். தலைவர் தம் கையாற் கதவைப் பூட்டுவதில்லை, கயிற்றை இழுப்பதில்லை, பெயர்ப் பட்டியலில் அடையாளமிடுவதுமில்லை. அவற்றைச் செய்யும் கைகள் வேறு. அக்கைகளுக்கு உரியோர், "பெரியவர் சொன்னார், செய்தோம்; புண்ணியமோ பாவமோ அவரைச் சாரும்" என்ற ஒரேயொரு வாக்கியத்துள் ஒதுங்கிக்கொள்கின்றனர். சமய வரலாற்றில் இவ்வாக்கியத்துக்குக் கிடைத்துள்ள மரியாதை வியப்புக்குரியது. அடக்கம் என்றும், பக்தி என்றும், குருபக்தியின் உச்சம் என்றும் அது போற்றப்பட்டு வந்துள்ளது. உண்மையில் அது ஒரு புகலிடம். அதுவும் மிகவும் பாதுகாப்பான புகலிடம்.

படைத்துறை ஆணைகளைப் பொறுத்தவரை இப்புகலிடம் 1945 இல் ஓரளவு இடிக்கப்பட்டது. நியூரம்பேர்க் விசாரணைகளுக்கென வகுக்கப்பட்ட சாசனம், மேலதிகாரியின் ஆணைப்படியே செயற்பட்டதாகக் கூறுதல் குற்றப் பொறுப்பிலிருந்து ஒருவரை விடுவிக்காது என்றும், வேண்டுமாயின் தண்டனையைக் குறைப்பதற்கு மட்டும் அது கருதப்படலாம் என்றும் விதித்தது. சமயத் தலைவரின் ஆணைக்கு அத்தகைய சாசனம் எதுவும் எழுதப்படவில்லை. ஆயினும் இரண்டையும் ஒப்புநோக்கின், பின்னையதே அபாயம் மிக்கது என்பது புலனாகும். படைத்தலைவனுக்கு வேண்டியது சிப்பாயின் கையும் காலுமே. உள்ளத்தில் வெறுப்பை வைத்துக்கொண்டும் ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கலாம். தான் செய்வது தவறு என அவன் அறிந்தேயிருக்கலாம். சமயத் தலைவரின் ஆணையோ அவ்வாறு நின்றுவிடுவதில்லை. செயலின் சரி பிழையைத் தீர்ப்பதற்கு மனிதனிடம் எஞ்சியிருக்கும் ஒரே நீதிமன்றமாகிய மனச்சான்றையும் அது தன் ஆட்சிக்கு உட்படுத்திவிடுகின்றது. அங்கே தவறு என்று எண்ணுவதே தவறாகிவிடுகின்றது.

தமிழ்ச் சைவ மரபிலே வளர்ந்தோர்க்குச் சிறுத்தொண்டர் கதை புதியதன்று. வடநாட்டு வைரவர் கோலத்தில் வந்த அடியார், தமக்கு வேண்டிய அமுது யாதெனக் கூறுகின்றார். சிறுத்தொண்டரும் திருவெண்காட்டு நங்கையும் தம் ஒரே மகன் சீராளனை அரிந்து கறி சமைக்கின்றனர். இறுதியில் மகன் ஓடி வருகின்றான். வந்தவர் இறைவன் என்பது வெளிப்படுகின்றது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாடிய இவ்வரலாற்றைக் கேட்டு உருகாத உள்ளங்கள் குறைவு. ஆனால் உருகும் அடியார் ஒருவரும் தம்மிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்றுண்டு. வாசலில் நின்றவர் இறைவன் என்பது புராணத்தைக் கேட்போர்க்குத் தொடக்கத்திலேயே தெரியும். சிறுத்தொண்டர்க்கோ இறுதிவரை தெரியாது. அவர் கண்டது நீறணிந்த ஒரு துறவியை மட்டுமே. கதையிலிருந்து முடிவை மட்டும் நீக்கிவிட்டால் எஞ்சுவது யாது? ஒரு துறவியின் சொல்லுக்காகக் கொல்லப்பட்ட ஒரு குழந்தை. புராணம் பேசுவது அன்பின் எல்லையைப் பற்றி என்று வாதிப்பதற்கு இடமுண்டு. ஆயின் மடங்களிலும் பீடங்களிலும் இக்கதை எடுத்தாளப்படும்போது அன்பு பின்தள்ளப்பட்டுக் கீழ்ப்படிதலே முன்னிறுத்தப்படுகின்றது. வரலாற்றிலே ஆணைக்கு இரையான சீராளர்கள் எவரும் ஓடி வந்ததில்லை என்பதை எந்தப் பிரசங்கியாரும் சொல்வதில்லை.

இதே தமிழ் நிலத்தில், மறுபுறத்தே இராமாநுசரைப் பற்றிய மரபும் வழங்குகின்றது. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை, எவர்க்கும் கூறலாகாது என்ற குருவின் ஆணையை மீறி, அவர் ஊரார்க்கு உரத்துச் சொன்னார் என்றும், அதனால் தமக்கு நரகம் வாய்ப்பினும் பிறர் உய்வது போதும் என்றார் என்றும் வைணவக் குருபரம்பரை கூறும். இது எவ்வளவு வரலாறு, எவ்வளவு மரபு என்பது ஆய்வாளர் முடிவுசெய்ய வேண்டியது. இங்கு முக்கியமானது வேறொன்று: குருவின் ஆணையை மீறிய சீடனைக் குருவே ஏற்றுப் போற்றியதாக ஒரு சமயம் தன் தலையாய ஆசாரியரைப் பற்றி நினைவிற் கொண்டுள்ளது. எனவே, மறுத்தல் சமயத்துக்குப் புறம்பானது, மேலைநாட்டுத் தனிமனிதவாதத்தின் இறக்குமதி என்ற வாதம் நம்மவரிடையே செல்லத்தக்கதன்று.

மரபுக் கதைகளை விட்டு, ஆண்டும் நாளும் அறியப்பட்ட வரலாற்றுக்கு வருமிடத்து, அண்மைக் காலத்தில் ஈரானிலே நிகழ்ந்தது நுணுகி நோக்கத்தக்கது. ஒரு சமயத் தலைவரின் தவறான ஆணையை அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஒருவரே மறுத்த நிகழ்ச்சி அது.

ஆயதுல்லா ஹுசைன் அலி மொந்தஸெரி 1922 இல் நஜஃபாபாத்திற் பிறந்தவர், கொமெய்னியின் மாணவர், ஷா மன்னரின் சிறைகளில் வதைபட்டவர். 1979 புரட்சியின் பின் அரசியலமைப்பை வகுத்த நிபுணர் சபைக்குத் தலைமை வகித்தவரும் அவரே. சமயச் சட்ட அறிஞரின் ஆட்சி என்னும் கோட்பாடு அவ்வரசியலமைப்பின் முதுகெலும்பாயிற்று. அக்கோட்பாட்டுக்குப் பல தொகுதிகளில் நூல் எழுதி ஆதாரம் வழங்கியவர் மொந்தஸெரி. 1985 நவம்பரில் கொமெய்னியின் வாரிசாக அவர் முறைப்படி அறிவிக்கப்பட்டார். சுருங்கக் கூறின், கீழ்ப்படிதல் என்னும் மாளிகையைக் கட்டிய சிற்பிகளுள் ஒருவர் அவர். அதன் அடுத்த உரிமையாளரும் அவரே. வெளியே நின்று கல்லெறிந்த ஒருவரை அவ்வமைப்பு எளிதில் எதிரி என்று ஒதுக்கியிருக்கும். இவரை அவ்வாறு ஒதுக்குதல் எளிதாயிருக்கவில்லை.

1988 ஜூலையில் ஈரான், ஈராக்குடனான எட்டாண்டுப் போரை நிறுத்தும் ஐக்கிய நாடுகள் தீர்மானத்தை ஏற்றது. அதற்குச் சில நாட்களுக்குள், ஈராக்கிலே தளமமைத்திருந்த முஜாஹிதீன் இயக்கத்தினர் ஆயுதங்களுடன் எல்லையைக் கடந்து தாக்கினர், முறியடிக்கப்பட்டனர். அம்மாத இறுதியில் கொமெய்னியின் கைப்பட ஓர் ஆணை வெளிவந்தது. சிறைகளில் இருக்கும் அவ்வியக்கத்தினருள் தம் நிலைப்பாட்டில் உறுதியாக இருப்போர் இறைவனுக்கு எதிராகப் போர் தொடுத்தோர் ஆவர். அவர்க்கு மரணமே தண்டனை. உறுதியாக இருப்போர் யாவர் என்பதைத் தலைநகரில் ஒரு சமய நீதிபதியும், ஒரு வழக்குத் தொடுநரும், புலனாய்வு அமைச்சின் பிரதிநிதி ஒருவரும் பெரும்பான்மை வாக்கினால் முடிவுசெய்வர். இவ்வாணையில் மிகுதியும் கவனிக்கத்தக்க பகுதி அதன் இறுதியிலே உள்ளது. முடிவெடுக்கும் பொறுப்பாளர் ஐயமோ தயக்கமோ கொள்ளலாகாது என்று அது அறிவுறுத்தியது. கொல்லும்படி பணித்ததோடு அமையாது, சந்தேகப்படுவதையும் தடுத்தது. தன் ஆணையின் நியாயத்தில் முழு நம்பிக்கையுள்ள எவரும் அத்தகைய வாக்கியத்தை எழுதவேண்டிய தேவை ஏற்படுவதில்லை.

அச்சிறைகளில் இருந்தோர் எவர்? போரில் ஆயுதத்துடன் பிடிபட்டோர் அல்லர். பல ஆண்டுகளுக்கு முன்னர் கைதாகி, அதே அரசின் நீதிமன்றங்களாற் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அதனை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள். சிலர் தண்டனைக் காலத்தை முடித்தும் விடுதலை பெறாதவர்கள். பலர் கைதானபோது மாணவப் பருவத்தினர். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தாக்குதலுக்கும் அவர்களுக்கும் இடையே சிறையின் மதில் இருந்தது.

மொந்தஸெரி ஜூலை 31 ஆந் திகதி தம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் மரணத்திலும் குறைந்த தண்டனை விதித்தவர்களை, புதிதாக ஒரு குற்றமும் செய்யாதிருக்கக் கொல்லுதல் நீதிமுறை அனைத்தையும் புறக்கணிப்பதாகும் என்றார். இது பழிவாங்கலாகவே கொள்ளப்படும் என்றார். மக்கா வெற்றியின்போது நபிகள் பகைவரை நடத்திய முறையை நினைவூட்டினார். அவர் எடுத்தாண்ட ஆதாரங்கள் யாவும் அச்சமயத்தின் உள்ளிருந்தே எடுக்கப்பட்டவை. அக்கடிதத்தில் மற்றொரு பகுதியும் உண்டு. ஆணையில் உறுதியாக நிற்பதாயின், முடிவு பெரும்பான்மையாலன்றி மூவரின் ஒருமித்த கருத்தால் அமையட்டும். பெண்கள், சிறப்பாகக் குழந்தைகளையுடைய தாய்மார், விலக்கப்படட்டும் என்று அவர் வேண்டினார். இதனைச் சுட்டிக்காட்டி, அவர் மறுக்கவில்லை, பேரம் பேசினார் என்று குறைகூறுவோர் உளர். குறை முற்றாகப் பொய்யன்று. முதற் கடிதத்தில் ஒரு மாணவர் தம் ஆசிரியரிடம் மன்றாடுகின்றார். தலையைக் காக்க இயலாவிடின் விரலையாவது காக்க முயல்கின்றார். மறுக்கும் துணிவு ஒரே நாளில் முழுவடிவோடு தோன்றுவதில்லை என்பதற்கும் அக்கடிதமே சான்று.

ஆகஸ்ட் 4 ஆந் திகதி அவர் மீண்டும் எழுதினார். இடையில், ஒரு மாகாணத்துச் சமய நீதிபதி ஆணை நிறைவேற்றப்படும் முறை கண்டு மனங்கலங்கி அவரிடம் வந்திருந்தார். அந்நீதிபதி கூறியதாக மொந்தஸெரி பதிவுசெய்த விசாரணை ஒன்று இவ்வகையில் அமைந்தது. ஒரு கைதியிடம், இயக்கத்தைக் கண்டிப்பாயா என்று கேட்கப்படுகின்றது, ஆம் என்கின்றான். பகிரங்கமாகப் பேட்டி தருவாயா? ஆம். போர்முனைக்குச் செல்வாயா? ஆம். கண்ணிவெடிகளின் மேல் நடப்பாயா? எல்லோரும் கண்ணிவெடிகளின் மேல் நடக்க ஆயத்தமாக இருப்பதில்லை. மேலும், புதிதாக மனம் மாறிய தன்னிடம் அவ்வளவு எதிர்பார்த்தல் கூடாது என்கின்றான். புலனாய்வு அதிகாரிக்கு அது போதுமாயிருந்தது: நீ இன்னமும் உன் நிலைப்பாட்டிலேயே இருக்கின்றாய்! பெரும்பான்மை வாக்கு என்ற ஏற்பாடு நடைமுறையில் எவ்வாறு தொழிற்பட்டது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 15 ஆந் திகதி, தெஹ்ரானில் ஆணையை நிறைவேற்றிக்கொண்டிருந்த நால்வரை மொந்தஸெரி அழைத்துச் சந்தித்தார். நீதிபதி நய்யேரி, வழக்குத் தொடுநர் எஷ்ராகி, அவருடைய துணைவர் ரயீஸி, புலனாய்வு அமைச்சின் பிரதிநிதி பூர்மொஹம்மதி ஆகியோர் அந்நால்வர். இச்சந்திப்பின் ஒலிப்பதிவு 28 ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்டில் வெளியாயிற்று. புரட்சிக்குப் பின்னர் அக்குடியரசு இழைத்த மிகப் பெரிய குற்றம் அவர்களுடைய கைகளாலேயே நிகழ்ந்தது என்றும், வரலாறு அவர்களின் பெயர்களைக் குற்றவாளிகளின் வரிசையில் எழுதும் என்றும் மொந்தஸெரி கூறுவதை அதிற் கேட்கலாம்.

இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது அவர் யாரை நோக்கி இவ்வாறு கூறினார் என்பதே. ஆணையை எழுதியவர் கொமெய்னி. ஆயினும் மொந்தஸெரி அந்நால்வரிடம், "ஐயோ, நீங்கள் என் செய்வீர்கள், மேலிடத்து ஆணையல்லவா" என்று இரங்கவில்லை. குற்றம் அவர்கள் கைகளில் உள்ளதென்றார். சமயச் சட்டத்தில் ஆழ்ந்த புலமையுள்ள ஒருவர், உயர்ந்த சமய அதிகாரத்தின் எழுத்தாணை எதிரே இருக்கையில், அதனை நிறைவேற்றியோர் அதன் பின்னே ஒளிந்துகொள்ள இயலாது என்று தீர்ப்பளித்தார். கருவி என்னும் பொய்க்கு அச்சமயத்தின் உள்ளிருந்தே கிடைத்த விடை இது.

மற்றொன்றும் அப்போது பேசப்பட்டது. இயக்கத்தினரால் உங்கள் அனைவரிலும் பார்க்கக் கூடுதலாக அடிபட்டவன் நான். என் மகனையும் அவர்கள் கொன்றார்கள். பழிவாங்குவதே நோக்கமாயின் அதனை முதலில் நாடவேண்டியவன் நானே என்ற பொருள்பட அவர் கூறினார். 1981 ஜூனில் ஆளுங்கட்சித் தலைமையகத்தில் வெடித்த குண்டுக்கு மகன் முஹம்மதைப் பறிகொடுத்தவர் அவர். அக்குண்டை வைத்ததாக அவ்வியக்கத்தினர் மீதே குற்றஞ் சாட்டப்பட்டது. தம் மகனைக் கொன்றவர்கள் எனத் தாம் நம்பிய இயக்கத்தின் கைதிகளுக்காகவே அவர் வாதாடினார். அவர்களுடைய கொள்கையை அவர் ஒருபோதும் ஏற்றவர் அல்லர். நண்பர்க்காக மறுத்தல் எளிது. பகைவர்க்காக மறுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆணையை ஏற்ற நால்வரின் பக்கமிருந்து கேட்கத்தக்க ஒரு விண்ணப்பமும் உண்டு. முஹர்ரம் மாதம் தொடங்கியிருந்தது. அம்மாதத்திலேனும் நிறுத்துங்கள் என்பது மொந்தஸெரியின் வேண்டுகோள். அவருடைய நினைவுக் குறிப்புகளின்படி, தெஹ்ரானில் இதுவரை 750 பேரைத் தூக்கிலிட்டாயிற்று, மேலும் 200 பேரை வேறாக்கி வைத்துள்ளோம், அவர்களையும் முடித்துவிட்டால் அதன்பின் நீங்கள் சொல்வதைக் கேட்கலாம் என்று நீதிபதி பதிலிறுத்தார். தொடங்கிய வேலையை முடித்துவிட அனுமதி கேட்கும் ஓர் எழுதுவினைஞரின் குரல் இது! இதில் வெறியில்லை, சினங்கூட இல்லை. சமய ஆணையை நிறைவேற்றுவோர் கண்கள் சிவந்த வெறியர்களாக இருப்பர் என்று எண்ணுவோர் இப்பதிலைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கவேண்டும். ஆணைக்குப் பழகியவுடன் மனிதர் கொல்லும் வேலையை அலுவலாக மாற்றிக்கொள்வர்; அலுவலை முடிப்பதே அவர்க்கு ஒழுக்கமாகிவிடும்.

கொலைகள் நிற்கவில்லை. ஆகஸ்ட் இறுதியிலிருந்து இடதுசாரிக் கைதிகளின் முறை வந்தது. தொழுகின்றாயா, நம்பிக்கையுள்ளவனா என்பனவே அவர்களிடம் கேட்கப்பட்ட வினாக்கள். இறந்தோர் தொகையை மொந்தஸெரி தம் நினைவிலிருந்து 2,800 அல்லது 3,800 என எழுதினார். அதற்கும் மேலெனக் கணிப்போர் பலர். அவரோ 1989 மார்ச்சில் வாரிசுரிமையிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கு இரண்டரை மாதங்களுக்குள், ஜூன் 3 ஆந் திகதி, கொமெய்னி காலமானார். வாய்மூடி இன்னும் சில வாரங்கள் இருந்திருப்பின் நாட்டின் உச்ச தலைமை மொந்தஸெரியின் மடியில் விழுந்திருக்கும். 1997 இல் புதிய தலைவரின் தகுதியை வினாவியமைக்காக அவர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். 2009 டிசம்பரில் இறந்தார்.

மறுக்காதோர் நிலை யாது? ரயீஸி நீதித்துறைத் தலைவரானார். 2021 இல் ஜனாதிபதியானார். 2024 மே மாதத்தில் ஹெலிகொப்டர் விபத்தில் மாண்டார். பூர்மொஹம்மதி இருமுறை அமைச்சரானார்; ஒலிப்பதிவு வெளிவந்தபோது, இறைவனின் கட்டளையை நிறைவேற்றியதில் பெருமைப்படுவதாகக் கூறினார். ஒலிப்பதிவை வெளியிட்ட மொந்தஸெரியின் மகனுக்கே சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அறம் வெல்லும் என்று மேடைகளில் முழங்குவோர்க்கு இவ்வரலாறு உவப்பானதாக இராது.

இம்மறுப்பின் மதிப்பைக் குறைக்க முயல்வோரின் வாதங்கள் சில. மொந்தஸெரியின் மருமகனுடைய சகோதரர் 1987 இல் மரணதண்டனைக்கு உள்ளானார். அக்காழ்ப்பே அவரை எதிர்க்கத் தூண்டியது என்பது ஒன்று. காழ்ப்புக் கொண்டவர் தம் மகனைக் கொன்றோர்மீது அதனைக் கொள்ளாது, தமக்கு அரியணை தரவிருந்தவர்மீது கொண்டார் என்பதை நம்பவேண்டுமாயின் நம்பலாம். கடிதங்களை அந்தரங்கமாக எழுதினார், மக்கள்முன் பேசவில்லை என்பது மற்றொன்று. இக்குற்றச்சாட்டில் உண்மையுண்டு. அவர் பதவியைத் துறந்து குரலெழுப்பியிருப்பின் அடுத்த மாதத்துக் கொலைகளாவது தடைப்பட்டிருக்குமோ என்ற கேள்வியை அவருடைய அன்பர்களும் தவிர்க்க முடியாது. ஆயின் இக்குறையைக் கூறும் உரிமை, அவ்வளவாவது செய்தோர்க்கே உண்டு. கூறுவோருட் பெரும்பாலோர் அவரினும் கூடுதலாகச் செய்யவேண்டும் என்று விரும்புவோர் அல்லர். எவரும் எதனையும் செய்ததாக ஒப்புக்கொள்ள விரும்பாதோர்.

மூன்றாவது வாதமே வலியது. மொந்தஸெரி பேரறிஞர், ஆணையிட்டவருடன் சமமாக நின்று நூலாதாரங் காட்டி வாதிக்க வல்லவர். சாதாரண விசுவாசி எதனைக் கொண்டு மறுப்பான்? குருவிலும் பார்க்கத் தான் கற்றவன் என்று அவன் எண்ணலாமா? இவ்வினாவுக்கு விடை ஒஸ்திரியாவின் ஒரு சிற்றூரிலே கிடைக்கின்றது. சென் ரடேகுண்ட் என்னும் அவ்வூரில் பிரான்ஸ் யேகர்ஸ்டேற்றர் என்ற விவசாயி வாழ்ந்தார். உயர்கல்வி அற்றவர், ஊர்த் தேவாலயத்தின் பணியாளர், சிறு பெண்பிள்ளைகளின் தந்தை. ஹிட்லரின் போர் அநீதியானது. அதில் ஒரு கத்தோலிக்கன் பங்குகொள்ளலாகாது என்பது அவர் முடிவு. லின்ஸ் நகர ஆயரிடம் அறிவுரை நாடிச் சென்றார். ஆயர் அவருடைய கடமை குடும்பத்தைக் காப்பதே என்றும், ஆள்வோரின் செயல்களுக்குத் தனிமனிதன் பொறுப்பாளி அல்லன் என்றும் விளக்கினார். அதாவது, கருவிக்குக் குற்றமில்லை என்ற அதே தத்துவம், இம்முறை கருணை நிரம்பிய ஒரு மேய்ப்பரின் வாயிலிருந்து! அவ்விவசாயி மரியாதையோடு கேட்டார், ஏற்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9 ஆந் திகதி பிராண்டன்பேர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. போர் முடிந்து 1946 இல் அவரைப் பற்றிய கட்டுரையொன்றை மறைமாவட்டப் பத்திரிகையில் வெளியிடவும் அதே ஆயர் இணங்கவில்லை. கடமையெனக் கருதிப் போர்முனையில் இறந்த இளைஞரே மேலான வீரர் என்பது அவர் கருத்து. 2007 இல் அத்திருச்சபையே அவ்விவசாயியை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தது, அதே லின்ஸ் நகரில். ஆயரிலும் பார்க்க அவர் கூடுதலாகக் கற்றிருக்கவில்லை. கற்றதை ஆயரிலும் பார்க்கக் கூடுதலாக நம்பினார். கொல்லாதிருப்பாயாக என்பதை விளங்கிக்கொள்ளப் பெரும் புலமை வேண்டியதில்லை. அது இவ்விடத்திற் பொருந்தாது என்று நிறுவுவதற்கே புலமை வேண்டும்.

கல்வி இத்துணிவைத் தருமெனப் பல்கலைக்கழகங்கள் எண்ணுமாயின் அதுவும் பிழையே. யாழ்ப்பாணத்திலே 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே செல்ல உரிமை கேட்டு நின்றபோது, ஆகமத்தின் பெயரால் வழிமறித்து நின்றோரின் தலைமையில் இருந்தவர் கிராமத்துப் பாமரர் அல்லர். இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. சுந்தரலிங்கம். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிப் பதினோராண்டுகள் சென்றிருந்தன. அவர் பின்னே வாசலில் நின்ற ஆடவருள், எதிரே நின்றோரைத் தம் வயல்களிலும் வளவுகளிலும் நாள்தோறும் கண்டு பழகியோர் பலர் இருந்திருப்பர். வழிவிட்டு ஓரமாக நிற்பதற்கு அவர்க்கு எந்த நூலறிவும் தேவைப்பட்டிராது. உயிருக்கும் ஆபத்தில்லை. ஊரார் இகழ்வர் என்பது ஒன்றே தடை. யேகர்ஸ்டேற்றர் கொடுத்த விலையோடு ஒப்பிடின் அது மிகச் சிறியது. ஆயினும் அதனைக் கொடுக்கவும் பலர்க்கு இயலவில்லை.

மறுக்கும் துணிவைப் பெருஞ் சாகசமாகப் புகழ்ந்து பேசுவதில் ஓர் அபாயமுண்டு. அவ்வாறு புகழும்போது, அது அபூர்வமான மனிதர்க்கே உரியது, ஏனையோர் கீழ்ப்படிந்தால் மன்னிக்கத்தக்கது என்ற எண்ணம் வேரூன்றிவிடும். 1988 ஆகஸ்டில் ஈரானிய மாகாணமொன்றிலிருந்து மொந்தஸெரியின் வீட்டுக்கு வந்த அந்நீதிபதி வீரர் அல்லர். தாம் கண்டதைத் தாங்கமாட்டாமல் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று வந்த ஒரு மனிதர். அவர் வந்து சொன்னமையாலேயே, கண்ணிவெடிகளின் மேல் நடக்க மறுத்த அக்கைதியின் விடை இன்று உலகறிந்ததாயிற்று. அந்த மூவர் குழுவில் அதே விடையை அதே அறையிற் கேட்ட புலனாய்வு அதிகாரி, அதனை உறுதியான நிலைப்பாடு எனக் குறித்துக்கொண்டு அடுத்த கைதியை அழைத்தார்.